கொட்டிய முடியைத் தைலம் காப்பாற்றுமா?

புற்றுநோய் மருந்தும் பெண்களின் கூந்தலும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்குக் கவாத்து நடக்கும்போது பார்த்திருக்கிறீர்களா?

நேற்று வரை பந்தல் முழுவதும் பச்சைப் பசேல் என்று இருக்கும். கத்தரிக்கோல் பட்டதும் இலையும் கிளையும் தரையில் விழும். மாலையில் வெறும் குச்சிகள்தான் மிச்சம். புதிதாகப் பார்க்கிறவர், "ஐயோ! தோட்டமே மொட்டையாகிப் போச்சே!" என்பார்.

விவசாயி கலங்குவது இல்லை. மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சில நாட்களில் கொடி துளிர்க்கும். சுமார் 4 மாதத்தில் அதே பந்தலில் பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

இதே போன்ற ஒரு நிகழ்ச்சி மனிதர் தலையிலும் நடக்கிறது. புற்றுநோய்க்குக் "கீமோதெரபி" என்னும் மருந்து ஏற்றும்போது தலைமுடி கொட்டிவிடுகிறது. ஆனால் அங்கே விவசாயிக்கு இருக்கும் தைரியம், பல குடும்பங்களுக்கு இருப்பது இல்லை. அந்தப் பயத்தில்தான், "இந்தத் தைலத்தைத் தேய்த்தால் ஒரு முடி கூடக் கொட்டாது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு? இதோ விவரம்.

மணம் வீசும் பூமி

தேனி மாவட்டம் மணத்துக்குப் பேர் போனது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. ஆண்டிப்பட்டிப் பக்கம் மல்லிகை பூக்கிறது. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி வட்டாரத்தில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் திராட்சை விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்படிப்பட்ட ஊரில் இலை, பூ, வேர் இவற்றின் மேல் மக்களுக்கு நம்பிக்கை இருப்பதில் அதிசயம் இல்லை. தலைவலி என்றால் தைலம். சளி என்றால் வேது பிடித்தல். தலைக்குக் கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். பாட்டி காலத்துப் பழக்கம் இது.

ஆகவே, வீட்டில் ஒருவருக்கு மருந்து ஏற்றி முடி கொட்டத் தொடங்கியதும், முதலில் கை எண்ணெய்ப் புட்டியைத்தான் தேடுகிறது.

நோயை விடப் பெரிய பயம்

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுத் தாய்க்கு மார்பில் கட்டி. பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிகிறது. டாக்டர் சிகிச்சையை விளக்குகிறார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"டாக்டர், முடி கொட்டுமா?"

சிலருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். உயிர் போகிற நோய்! முடியைப் பற்றியா கவலை?

ஆனால் சிரிக்கக் கூடாது. நம் நாட்டில் பெண்ணின் கூந்தலோடு பூவும் பொட்டும் மங்கலமும் சேர்ந்தே இருக்கின்றன. பழனிக்குப் போய் முடி காணிக்கை கொடுத்தால் அது பக்தி. ஊரார் மகிழ்ச்சியோடு கேட்பார்கள். வேண்டுதல் இல்லாமல் ஒரு பெண்ணின் தலை மொட்டையானால், ஊரார் கேட்கும் கேள்வியே வேறு. ஒரு காலத்தில் கணவனை இழந்த பெண்களுக்குத் தலையை மழித்த கொடுமையும் நம் நாட்டில் சில சமூகங்களில் இருந்தது. அந்த நினைவு இன்னும் முழுவதும் மறையவில்லை.

நோயை வெளியே சொல்லாமல் மறைக்கலாம். மொட்டைத் தலையை மறைக்க முடியாது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் "நீ நோயாளி" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். முடி போய்விடும் என்ற பயத்தால் மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிடும் பெண்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

அங்கேதான் ஆபத்து!

முடி ஏன் கொட்டுகிறது?

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்பது எந்த நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். இதற்காக முடியின் வேரில் உள்ள உயிரணுக்கள் ஓய்வில்லாமல் பெருகுகின்றன.

புற்றுநோயும் அப்படித்தான். கட்டுப்பாடு இல்லாமல் பெருகும் உயிரணுக்களே புற்றுநோய். வேகமாகப் பெருகுவது எதுவோ அதைத் தாக்குவதுதான் கீமோ மருந்தின் வேலை. இது நல்ல உயிரணு, இது கெட்ட உயிரணு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புற்றுநோயை அடிக்கும்போது முடியின் வேரையும் சேர்த்து அடித்துவிடுகிறது. வாய்ப்புண் வருவதும் ரத்த அணுக்கள் குறைவதும் இதே காரணத்தால்தான்.

முதல் மருந்து ஏற்றிய 2 அல்லது 3 வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். தலையணையில் முடி. சீப்பில் முடி. குளித்தால் கை நிறைய முடி. புருவமும் இமை முடியும் கூடச் சிலருக்கு உதிரும்.

எல்லா மருந்துக்கும் இப்படி ஆவது இல்லை. சில மருந்துகளால் முடி லேசாக மெலியும். சிலவற்றால் கொட்டுவதே இல்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் தரப்படும் டாக்சோரூபிசின், பாக்லிடாக்சல், டோசிடாக்சல் போன்ற மருந்துகளால் பெரும்பாலோருக்கு முடி கொட்டிவிடும். எந்த மருந்து தரப்படுகிறது என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து முடியின் வேருக்கு ரத்தத்தின் வழியாக, உடம்பின் உள்ளே இருந்து வருகிறது. தலைக்கு மேலே தேய்க்கும் எண்ணெய் ரத்தத்தில் வரும் மருந்தை எப்படித் தடுக்கும்? வாய்க்காலில் வெள்ளம் வரும்போது இலை மேல் எண்ணெய் பூசினால் வேருக்குத் தண்ணீர் போகாமல் நிற்குமா?

தலை எண்ணெயும் தைலமும்

தேங்காய் எண்ணெய் வேறு. வாசனைத் தைலம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தேங்காய், எள் இவற்றை ஆட்டினால் எண்ணெய் வரும். வாசனைத் தைலம் அப்படி வருவது அல்ல. பெரிய கொப்பரையில் இலை, தழைகளைப் போட்டு, அதன் வழியாக நீராவியை விடுவார்கள். நீராவி இலையில் உள்ள மணத்தைச் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அந்த ஆவியைக் குளிர வைத்தால் தண்ணீர் தனியாகவும் தைலம் தனியாகவும் பிரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு காகிதத்தில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். சுத்தமான யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் பறந்துவிடும்.

ஏராளமான இலையையும் பூவையும் போட்டால்தான் கொஞ்சம் தைலம் கிடைக்கும். 1 கிலோ ரோஜாத் தைலம் எடுக்க 3 ஆயிரம் கிலோவுக்கு மேல் ரோஜா இதழ் வேண்டும். அப்படி என்றால் ஒரு சொட்டுத் தைலத்தில் எவ்வளவு காரம் அடங்கி இருக்கும்! அதன் பலமும் அதுதான். அதன் ஆபத்தும் அதுதான்.

ஸ்காட்லாந்தில் நடந்த சோதனை

தைலத்தால் முடி வளரும் என்பது முழுப் பொய்யா? இல்லை. அதற்கும் ஒரு கதை உண்டு.

ஸ்காட்லாந்து நாட்டில் அபர்தீன் என்று ஒரு நகரம். அங்குள்ள டாக்டர்கள் 86 பேரைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 1998-ல் வெளிவந்தது. தைம், ரோஸ்மேரி, லாவண்டர், தேவதாரு இன மரம் ஆகிய 4 தைலங்களைக் கலந்து, ஒரு பிரிவினர் தினமும் தலையில் தேய்த்தார்கள். மற்றொரு பிரிவினர் தைலம் கலக்காத வெறும் எண்ணெயைத் தேய்த்தார்கள். இரண்டு பிரிவுக்கும் அடிப்படை எண்ணெய் ஒன்றே. அதில் ஒன்று திராட்சை விதை எண்ணெய்! கம்பத்துக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

7 மாதம் சோதனை நடந்தது. தைலம் தேய்த்த 43 பேரில் 19 பேருக்கு முடி வளர்ச்சியில் முன்னேற்றம். வெறும் எண்ணெய் தேய்த்த 41 பேரில் 6 பேருக்குத்தான் முன்னேற்றம். (2 பேர் கணக்கில் சேரவில்லை.)

2015-ல் ஈரான் நாட்டிலும் ஒரு சோதனை முடிவு வெளியானது. பரம்பரை வழுக்கை விழுந்த 100 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு ரோஸ்மேரி தைலம். சிலருக்கு 2 சதவீத மினாக்சிடில் என்ற மருந்து. 6 மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் முடி ஏறத்தாழ ஒரே மாதிரி கூடியிருந்தது.

தைலம் விற்கிறவர்கள் காட்டும் சாட்சி பெரும்பாலும் இவைதான். "வெளிநாட்டு டாக்டர்களே சொல்லிவிட்டார்கள்" என்பார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் சொல்வது இல்லை.

புழுவெட்டு வேறு! கீமோ வேறு!

ஸ்காட்லாந்தில் சோதனைக்கு வந்தவர்கள் புற்றுநோயாளிகள் அல்ல. அவர்களுக்கு இருந்தது புழுவெட்டு. தலையில் வட்ட வட்டமாக முடி உதிரும் நோய் அது. பெயரில் புழு இருந்தாலும் புழுவால் வருவது அல்ல. உடம்பின் காவல் படையே தவறிப்போய் முடியின் வேரைத் தாக்குவதால் வருகிறது. சிலருக்கு மருந்து இல்லாமலே சரியாகிவிடும்.

ஈரானில் சேர்ந்தவர்களுக்கு இருந்தது வழுக்கை. அது பரம்பரையாலும் ஆண்களின் சுரப்பு நீராலும் வருவது.

கீமோவால் முடி கொட்டுவது மூன்றாவது வகை. காரணம் வேறு, வேகம் வேறு. வயிற்று வலிக்கு நல்லது என்று சொன்ன மருந்தைக் கால் முறிவுக்குக் கட்டினால் பலன் கிடைக்குமா?

மினாக்சிடில் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களிடம் அமெரிக்க டாக்டர்கள் அதைச் சோதித்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். முடி கொட்டுவதை அதனால் நிறுத்த முடியவில்லை. ஆனால் மொட்டையாக இருக்கும் காலம் சராசரியாக 50 நாள் குறைந்தது. நன்கு சோதித்த மருந்தின் கதியே இது!

கீமோவால் முடி கொட்டுவதை வாசனைத் தைலம் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இதுதான் இன்றைய நிலை.

சுடுகாட்டு மல்லி சொல்லும் பாடம்

"தைலம் செடியில் இருந்து வருவதுதானே. நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பவர்கள் நித்தியகல்யாணிச் செடியைப் பார்க்க வேண்டும்.

வீட்டு வாசலிலும் இடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் செடி அது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். கனடா நாட்டு விஞ்ஞானிகள் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் இருவரும் இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். நீரிழிவுக்கு மருந்து தேடி இறங்கியவர்கள், ரத்த வெள்ளை அணுக்களைக் குறைக்கும் சத்து ஒன்றைக் கண்டார்கள். 1958-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே செடியில் இருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்தும் வந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்று வரை முக்கிய மருந்து அது. சுடுகாட்டு ஓரத்துப் பூ, எத்தனையோ குழந்தைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் காப்பாற்றி வருகிறது!

இந்த வின்கிரிஸ்டினும் முடியைக் கொட்ட வைக்கக்கூடியதுதான். பாக்லிடாக்சலும் ஒரு மரத்தின் பட்டையில் இருந்து வந்ததுதான். ஆகவே, செடியில் இருந்து வருவதெல்லாம் தீங்கற்றது என்பது தவறு. செடியில் மருந்தும் உண்டு. விஷமும் உண்டு. அளவும் முறையும் தெரிந்தவர் கையில்தான் அது மருந்து. நித்தியகல்யாணியை வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

தைலத்தால் வரும் தொல்லைகள்

கீமோ எடுப்பவரின் தலைத்தோல் மென்மையாகி இருக்கும். தொட்டாலே வலிக்கும். காரமான தைலத்தை அப்படியே தேய்த்தால் எரிச்சல், அரிப்பு, கொப்புளம் வரலாம்.

அந்தச் சமயத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் குறைந்திருக்கும். கிருமிகளை எதிர்க்கும் படை அதுதான். புண் வழியாகக் கிருமி நுழைந்தால் காய்ச்சல் வரும். அடுத்த தவணை மருந்து தள்ளிப்போகும். முடியைக் காக்கப் போய் சிகிச்சையைக் கெடுத்துக்கொண்டதாகிவிடும்.

வாசனையும் ஒரு தொல்லை. மருந்து ஏற்றியவர்களுக்குச் சாதாரண மணம் கூட வாந்தியை வரவழைக்கும். சிலருக்கு மெல்லிய நறுமணம் மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். அவர்கள் விரும்பினால் முகரட்டும். அந்த அளவில் தைலம் நல்ல துணைதான்.

தைலத்தைக் குடிக்கவே கூடாது. யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் இவை குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். புட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "தைலமே நோயையும் தீர்க்கும், ஊசி எதற்கு?" என்ற பேச்சு. அதைக் கேட்டுச் சிகிச்சையைப் பாதியில் விட்டால், நோய் வளரும். பிறகு வருந்திப் பயன் இல்லை.

குளிர்த் தொப்பி

முடியைக் காக்க வழியே இல்லையா? ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் குளிர்த் தொப்பி.

மருந்து ஏற்றும்போது நோயாளியின் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். அதனுள் குளிர்ந்த திரவம் ஓடும். குளிரில் தலைத்தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். வேருக்குப் போகும் மருந்து குறையும். வேரின் வேகமும் தணியும். வாய்க்காலின் மடையை அடைப்பது போன்ற வேலை இது.

2017-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்கள் அதில் சேர்ந்தார்கள். தொப்பி அணிந்த 95 பேரில் 48 பேருக்குப் பாதிக்கு மேல் முடி தங்கியது. தொப்பி அணியாத 47 பேரில் ஒருவருக்குக் கூடத் தங்கவில்லை.

பாதிப் பேருக்குத்தான் பலன் என்பதையும் மறக்கக் கூடாது. குளிரால் தலைவலி வரலாம். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. செலவும் அதிகம். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இல்லை. வேண்டுமானால் முதல் மருந்து ஏற்றும் முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். முடி கொட்டிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு:

மருந்து தொடங்கும் முன்பே நீண்ட கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். கொத்துக் கொத்தாகக் கொட்டும்போது வரும் அதிர்ச்சி குறையும்.

வெட்டிய கூந்தலைப் பத்திரப்படுத்தினால் அதையே சவுரியாகவோ விக்காகவோ செய்துகொள்ளலாம். புற்றுநோயாளிகளுக்கு விக் செய்து தரும் அறக்கட்டளைகளும் தமிழ்நாட்டில் உண்டு.

தலைக்கு மென்மையான ஷாம்பு போதும். சுடு தண்ணீர், சாயம், இழுத்துப் பின்னுதல் வேண்டாம். தோல் வறண்டால் எந்த எண்ணெய் தடவலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

வெயிலில் போகும்போது பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். "அம்மாவுக்கு மருந்து கொடுக்கிறாங்க. அதனால முடி கொட்டும். அப்புறம் வளரும்" என்றால் குழந்தை பயப்படாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணவரும் மாமியாரும் நாத்தனாரும் நடந்துகொள்ளும் விதம் முக்கியம். "தலைமுடி போனால் போகட்டும். நீ இருந்தால் போதும்" என்ற ஒரு சொல், எந்தத் தைலமும் தராத பலத்தைத் தரும்.

பணம் இல்லை என்று சிகிச்சையைக் கைவிட வேண்டியது இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தங்கையின் மரணம்

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வந்த வரலாறே ஒரு பெண்ணின் கண்ணீரில் தொடங்கியதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தில் இருந்து எழுந்த உறுதியே அடையாறு புற்றுநோய் நிலையம். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அது இயங்கத் தொடங்கியது.

அந்தத் தங்கையின் காலத்தில் இன்று உள்ள மருந்துகள் இல்லை. முடி கொட்ட வைக்கும் மருந்து கூட இல்லை! இன்று இருக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அந்த மருந்தை முடிக்குப் பயந்து ஒதுக்கலாமா?

மீண்டும் துளிர்

கடைசி மருந்து ஏற்றிய சில வாரங்களில் தலையில் பூனை முடி போல முளைக்கும். 3 முதல் 6 மாதத்தில் தலை கறுத்துவிடும். முதலில் வரும் முடி சிலருக்குச் சுருட்டையாக இருக்கும். சிலருக்கு நிறம் மாறி இருக்கும். மிகச் சிலருக்கு மட்டும் பழைய அடர்த்தி திரும்புவது இல்லை. அவர்கள் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு முடி மீண்டும் வளர்ந்துவிடுகிறது.

அப்போது தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், "தைலத்தால் வளர்ந்தது" என்பார். தேய்க்காத பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே சமயத்தில்தான் வளர்ந்திருக்கும்!

கம்பத்துப் பந்தலில் கொடியைத் துளிர்க்க வைப்பது வேர். இலைக்குப் பூசும் எண்ணெய் அல்ல. தலையிலும் அப்படித்தான். மருந்து முடியை வெட்டுகிறது; வேரைப் பிடுங்குவது இல்லை.

சிகிச்சையை முழுதாக முடியுங்கள். உயிர் நிற்கட்டும். முடி தானே வரும்.